ஆபரேஷன் முடிந்த பிறகு வரும் மூன்று மணி நேரம்

கேள்வி இது: வீட்டில் ஒன்பது மாதப் பெண் பூனை, பெர்சியன் கலப்பு, எடை 3 கிலோ. அடுத்த வாரம் கருத்தடை ஆபரேஷன். பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று போன வருடம் மயக்க ஊசி போட்ட பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதனால் வீட்டில் எல்லோருக்கும் பயம். டாக்டரைக் கேட்டால், “வலிக்கு ஒரு ஊசி போட்டு அனுப்புவோம், பூனை தாங்கிக்கொள்ளும்” என்கிறார். அது போதுமா? போதாவிட்டால் வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையில் கால் துண்டு கொடுக்கலாமா?

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். கால் துண்டும் வேண்டாம், அதில் பாதியும் வேண்டாம். டோலோ, குரோசின், கால்பால் என்று அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது பாராசிட்டமால். பூனைக்கு அது விஷம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் போனதிலேயே பூனைகள் பாதிக்கப்பட்டதாகப் பதிவுகள் உண்டு. 650 மில்லிகிராம் மாத்திரையில் கால் துண்டு உங்கள் பூனைக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிவிடும்.

காரணம் பூனையின் கல்லீரலில் இருக்கிறது. நம் கல்லீரல் பாராசிட்டமாலோடு ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டவைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். அந்த ஒட்டும் வேலையைச் செய்யும் நொதிக்கான மரபணு பூனைக் குடும்பம் முழுக்கவே உடைந்து கிடக்கிறது. சிங்கம், புலி, சிறுத்தைக்கும் அதே கதைதான். தழை, காய், கொட்டை என்று தின்கிற பிராணிக்குத் தாவர நச்சுகளை முறிக்க அந்த நொதி தேவைப்பட்டது. லட்சக்கணக்கான ஆண்டுகள் இறைச்சி மட்டுமே தின்ற வம்சத்துக்கு அது வேண்டியிருக்கவில்லை, போய்விட்டது. அதனால் பாராசிட்டமால் பூனை உடம்பில் வேறு வழியில் உடைந்து ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் சாக்லேட் நிறத்துக்கு மாறுகிறது. சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகும் அல்லது நீலம் பாயும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற, விஷத்தை முறிக்கும் மருந்து இருக்கிறது. சீக்கிரம் கொண்டுவந்தால் சிலவற்றைக் காப்பாற்ற முடிகிறது. ஆனால் பெரும்பாலும், “நேற்று ராத்திரி கொடுத்தோம் சார், காலையில் இருந்து ஒருமாதிரி இருக்கிறது” என்றுதான் வருகிறார்கள்.

இதே நொதிக் குறைதான் பூனைக்கு வேறு சில மருந்துகளையும் சிக்கலாக்குகிறது. ஆஸ்பிரின் பூனையின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒன்றரை நாள் போல ஆகும். காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலோடு ஐப்யூபுரூஃபனும் இருப்பதால் இரட்டை ஆபத்து. எனவே மனிதர்களின் மாத்திரைப் பெட்டியை அந்த வாரம் முழுக்க மூடியே வைத்திருங்கள்.

இனி அந்தப் பயத்துக்கு வருவோம். பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை, நூற்றுக்கும் மேற்பட்ட கால்நடை மருத்துவமனைகளில் மயக்கம் கொடுக்கப்பட்ட சுமார் 79,000 பூனைகளைக் கணக்கெடுத்தார்கள். இறந்தவை 0.24 சதவீதம், அதாவது ஏறத்தாழ 420-க்கு ஒன்று. ஏற்கெனவே நோயாக இருந்தவற்றைக் கழித்துவிட்டு, ஆரோக்கியமான பூனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 900-க்கு ஒன்று. மனிதர்களோடு ஒப்பிட்டால் இது அதிகம்தான். நாயைவிடவும் பூனைக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல். ஆனாலும் உங்கள் வீட்டில் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

அந்தக் கணக்கெடுப்பில் என்னை உலுக்கியது வேறொரு எண். இறந்த பூனைகளில் 60 சதவீதத்துக்கும் மேல் ஆபரேஷன் மேசையில் இறக்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்து, ஓரமாகப் படுக்கவைத்த பிறகு இறந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள்.

அதைப் படிக்கும் முன்பே எனக்கு அது தெரியும், தெரியாத மாதிரி நடந்துகொண்டிருந்தேன். படிப்பு முடித்த புதிதில் நான் வேலை பார்த்த இடத்தில் ஓர் ஆண் பூனைக்குக் கருத்தடை செய்தேன். பத்து நிமிட வேலை. சுத்தமாக முடிந்தது. பூனையைக் கூடையில் வைத்து மூடிவிட்டு அடுத்த நாயைப் பார்க்கப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது கழுத்து மடங்கி, மூக்கு கூடையின் மூலையில் அழுந்திக் கிடந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. மருந்தின் அளவு சரிதான், ஆபரேஷனும் சரிதான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கழுத்தை நேராக வைத்திருந்தால் அது பிழைத்திருக்கும். பூனைக்காரரிடம், “மயக்கம் ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொன்னோம். அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் பக்கத்து வீட்டுப் பூனைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாக்கியத்தைக் கேள்விப்பட்டாலே, “பிறகு யார் கூட இருந்தார்கள்?” என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே உங்கள் டாக்டரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் வாய்க்கும் என்றால், எந்த மருந்து போடுகிறீர்கள் என்று கேட்காதீர்கள். “முடிந்த பிறகு இவளை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள், எவ்வளவு நேரம்?” என்று கேளுங்கள்.

ஏன் அந்த நேரம் அவ்வளவு மோசம் என்றால், பாதி காரணம் குளிர். பூனையின் இயல்பான உடல்வெப்பம் 38-லிருந்து 39 டிகிரிவரை. சின்ன உடம்பு என்பதால் எடைக்கு ஏற்ற அளவைவிடத் தோல்பரப்பு அதிகம். அதில் வயிற்று முடியைச் சிரைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வயிற்றைத் திறந்து, ஏசி அறையில் ஸ்டீல் மேசையில் அரை மணி நேரம் போட்டால் வெப்பம் சரசரவென இறங்கும். உடம்பு குளிர்ந்தால் மருந்து உடைவதும் மெதுவாகும், இதயத் துடிப்பும் இறங்கும், மயக்கம் நீளும், அதனால் இன்னும் குளிரும். வெளியே 38 டிகிரி வெயில் அடிக்கிற மே மாதத்தில்கூட இது நடக்கும் என்றால் நம்ப மாட்டார்கள். மீதிப் பாதி காரணம் மூச்சு. மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டைக்குள் விட்ட குழாயை எடுத்த பிறகு தொண்டை வீங்கலாம், எச்சில் அடைக்கலாம், நாக்கு மடங்கலாம். ஆபரேஷன் நடக்கும்போது எல்லோருடைய கண்ணும் பூனைமேல்தான். தையல் போட்டு முடித்ததும் எல்லோரும் கை கழுவப் போய்விடுகிறார்கள்.

அதே கணக்கெடுப்பில் இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தது. நாடித்துடிப்பைத் தொடர்ந்து கவனித்த, பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டிய பூனைகள் குறைவாகவே இறந்தன. கொரோனா காலத்தில் நாமெல்லாம் விரலில் மாட்டிக்கொண்டோமே, அந்தக் கருவியின் தத்துவம்தான். பூனைக்கு நாக்கில் மாட்டுவார்கள். இரண்டாவது கொஞ்சம் விநோதம்: டிரிப்ஸ் ஏற்றிய பூனைகளில் இறப்பு அதிகமாக இருந்தது. உடம்பு மோசமான பூனைகளுக்குத்தான் டிரிப்ஸ் ஏற்றுவார்கள் என்பது ஒரு விளக்கம். ஆனால் அதைக் கழித்துப் பார்த்தும் தொடர்பு மிஞ்சியது. அளவுக்கு மீறி ஏற்றியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். நம் ஊரில், “குளுக்கோஸ் ஏற்றினீர்களா டாக்டர்?” என்று கேட்டு, ஏற்றினால்தான் வைத்தியம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 3 கிலோ பூனையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 180 மில்லி, ஒரு டம்ளர் காப்பிதான். மயக்கத்தில் அதற்குத் தேவைப்படும் திரவம் மணிக்குச் சுமார் 9 மில்லி. அரை லிட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டு வேகமாகத் திறந்துவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆனால் காலில் வென்ஃப்ளான் (ரத்தக் குழாயில் பொருத்தி வைக்கும் சின்னக் குழாய்) போட்டு வைத்திருப்பது நல்லது. ஏதாவது ஆனால் மருந்து போட வழி தயாராக இருக்கும்.

உங்கள் பூனை பெர்சியன் கலப்பு என்பதால் இரண்டு வார்த்தை. முகம் எவ்வளவு தட்டையோ, அவ்வளவுக்கு மூக்குத் துவாரம் குறுகல். மயக்கத்துக்கு முன்பும் பின்பும் ஆக்சிஜன் வேண்டும். பெர்சியன் வம்சத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோயும் சகஜம், எனவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துக்கொள்வது வீண் செலவு இல்லை. இதயம் இன்னொரு தலைவலி. பூனைகளில் ஏழில் ஒன்றுக்கு இதயத் தசை தடிக்கும் நோய் இருக்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் எக்கோ எடுக்கச் சொல்வார்கள். ஆனால் சத்தம் இல்லாமலும் நோய் இருக்கலாம். ஒன்பது மாதக் குட்டிக்கு, ஓடி ஆடிச் சாப்பிடுகிறது, சத்தம் எதுவும் இல்லை என்றால், எல்லோரும் எக்கோ எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பட்டினி விஷயத்தில் பழைய வழக்கம் மாறிக்கொண்டிருக்கிறது. முந்தின நாள் ராத்திரி எட்டு மணியிலிருந்து தண்ணீர்கூட வைக்காதே என்பார்கள். இப்போதைய வழிகாட்டுதல்கள் ஆரோக்கியமான வளர்ந்த பூனைக்கு 4-லிருந்து 6 மணி நேரம் போதும் என்கின்றன. தண்ணீர் கிளம்பும்வரை வைக்கலாம். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டி என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குமேல் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள், ஏனென்றால் அவர் போடப்போகும் மருந்து அவருக்குத்தான் தெரியும். நம் பக்கம் அதிகம் புழங்கும் சைலசின் என்ற மயக்க ஊசி போட்டதும் பூனை வாந்தி எடுக்கும். வயிறு நிறைந்திருந்தால் அது மூச்சுக்குழாயில் போய்விடலாம்.

அப்புறம், கூடையில் வைத்ததுமே அலறித் தீர்க்கும் பூனை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பயந்து நடுங்கும் பூனைக்கு மயக்க மருந்தே அதிகம் தேவைப்படும். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வீட்டிலேயே கொடுக்க, பூனையை அமைதிப்படுத்தும் கபாபென்டின் என்ற மருந்தை எழுதித் தரலாம். அது வந்த பிறகு என் கைகளில் கீறல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

சரி, வலி.

மயக்கம் வேறு, வலி நிவாரணம் வேறு. ஐசோஃப்ளுரேன் வாயு பூனையைத் தூங்கவைக்கும், வலியைத் தொடாது. அறுக்கும்போது வலியின் சைகை நரம்பு வழியே தண்டுவடத்துக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும், மூளை உணரவில்லை, அவ்வளவுதான். அந்தச் சைகைகள் வந்து வந்து தண்டுவடம் கூர்மையாகிவிடும். பிறகு பூனை விழிக்கும்போது சின்னத் தொடுகைகூடப் பெரிய வலியாகத் தெரியும். அதனால்தான் வலி மருந்தை அறுப்பதற்கு முன்பே போட வேண்டும் என்கிறோம். விழித்துக் கத்தியபிறகு போடுவது, கூரை ஒழுக ஆரம்பித்தபின் ஓடு மாற்ற ஏறுவது மாதிரி.

பூனைகளுக்கு வலி மருந்து கொடுப்பதில் உலகம் முழுக்கவே மருத்துவர்கள் ரொம்ப காலம் கஞ்சத்தனமாக இருந்தார்கள். மார்ஃபின் கொடுத்தால் பூனைக்கு வெறி பிடிக்கும் என்று பழைய பாடநூல்களில் இருந்தது. அந்த முடிவுக்கு வந்த சோதனைகளில், வலிக்குத் தேவையான அளவைப்போலப் பல மடங்கு கொடுத்திருந்தார்கள். அவ்வளவு கொடுத்தால் யாருக்குத்தான் வெறி பிடிக்காது? சரியான அளவில் பூனை சுகமாகக் குர்குர் என்று சத்தமிட்டுக்கொண்டு முன்னங்காலால் பாயைப் பிசையும், கண்பாவை அகலமாக விரியும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பழைய வாக்கியத்தால் ஒரு தலைமுறைப் பூனைகள் வலியோடு கிடந்தன.

இப்போது உங்கள் டாக்டரின் “ஒரு ஊசி.” அது எந்த ஊசி என்பதைப் பொறுத்தது எல்லாம். பியூட்டார்ஃபனால் என்றால், அது நல்ல மருந்துதான், ஆனால் பூனைக்கு ஒன்று ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும். வயிற்றைத் திறந்து கருப்பையை எடுக்கும் வலிக்கு அது தனியாகப் போதாது. பூனை வீட்டுக்கு வந்து சேரும்போது தீர்ந்திருக்கும். ப்யூப்ரனார்ஃபின் ஆறு எட்டு மணி நேரம் தாங்கும், பூனைக்கு அருமையாகப் பொருந்துகிற மருந்து. ஆனால் வேலை செய்ய அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும், எனவே முன்கூட்டியே போட வேண்டும். அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவதால் கணக்கு, பதிவேடு எல்லாம் பராமரிக்க வேண்டும். சின்ன கிளினிக்குகள் பல அதை வைத்துக்கொள்வதே இல்லை. டிரமடாலும் 2018 முதல் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆகவே உங்கள் டாக்டரிடம் ப்யூப்ரனார்ஃபின் இல்லை என்றால் அதை வைத்து அவரை எடைபோடாதீர்கள்.

எடைபோட வேண்டுமானால் இதை வைத்துப் போடுங்கள்: மரத்துப்போகும் ஊசி போடுகிறாரா? லிக்னோகெய்ன் எந்த கிளினிக்கிலும் இருக்கும், விலையும் சொற்பம், எந்தப் பதிவேடும் வேண்டாம். வெட்டுப்போடும் இடத்தில் தோலுக்கு அடியில் கொஞ்சம், உள்ளே கருப்பைப் பக்கம் கொஞ்சம், ஆண் பூனை என்றால் விதைக்குள் கொஞ்சம். சைகை தண்டுவடத்துக்குப் போகும் வழியையே அது அடைத்துவிடுகிறது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேறொன்று எங்கள் அலமாரியில் இல்லை, இவ்வளவு பேர் மறந்துபோகும் மருந்தும் வேறில்லை. ஆனால் அளவு முக்கியம். உங்கள் பூனைக்கு இரண்டு சதவீத லிக்னோகெய்ன் மொத்தமாகவே ஒரு மில்லிக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். மீறினால் வலிப்பு வரலாம். அதே வகையைச் சேர்ந்த பூப்பிவகெய்ன் இருந்தால் இன்னும் கூடுதல் நேரம் நிற்கும்.

மூன்றாவது வகை, வீக்கத்தைத் தணிக்கும் மருந்து. நம் ஊரில் அது பெரும்பாலும் மெலாக்சிகாம். ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். பியூட்டார்ஃபனால் கைவிடும் இடத்தில் இது தாங்கிப்பிடிக்கும். சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும், பூனை நீர் வற்றிப்போயிருக்கக் கூடாது. அமெரிக்காவில் 2010-இல், பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்று அதன் அட்டையில் கடுமையான எச்சரிக்கை போடவைத்தார்கள். ஐரோப்பாவில் மிகச் சிறிய அளவில் தொடர்ந்து கொடுக்க அனுமதி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சாதாரணப் பழக்கம், ஆபரேஷன் நாளில் ஊசி, பிறகு இரண்டு மூன்று நாள் திரவமாகச் சொட்டு. மருந்துக்கடையில் மனிதர்களுக்கான மெலாக்சிகாம் மாத்திரை கிடைக்கிறதே என்று யோசிக்காதீர்கள். அதில் சின்ன மாத்திரையே 7.5 மில்லிகிராம். தொடர்ந்து கொடுக்கும் அளவில் உங்கள் பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 0.15 மில்லிகிராம். ஒரு மாத்திரையை ஐம்பது துண்டாக நறுக்க யாராலும் முடியாது.

மெலாக்சிகாமைப் பற்றிப் பேசும்போது ஒரு கிளைக்கதை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்தான் நம் நாட்டுப் பாறு கழுகுகளைக் கொன்றது. செத்த மாட்டைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் போனது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தபோது, கழுகுகளுக்குத் தீங்கில்லாத மாற்றாகச் சோதித்து எடுத்தது இதே மெலாக்சிகாமைத்தான். நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் வட்டமடிக்கிற கழுகுகளுக்கும் உங்கள் பூனைக்கும் உதவுவது ஒரே மருந்து.

ஆக, ஏதாவது ஓர் ஓபியாய்டு (பியூட்டார்ஃபனால், ப்யூப்ரனார்ஃபின் போன்ற மார்ஃபின் வகை மருந்து), ஒரு மரப்பு ஊசி, ஒரு மெலாக்சிகாம், மூன்றும் சேர்ந்தால் எதையும் அதிகமாகப் போட வேண்டியதில்லை, வலி நன்றாக அடங்கும். ஓபியாய்டு கிடைக்கவில்லை என்றால் மீதி இரண்டையாவது விடக் கூடாது. “ஒரு ஊசி” என்பது மெலாக்சிகாம் மட்டும் என்றால், “மரப்பு ஊசியும் போட முடியுமா டாக்டர்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் போடுவார்கள். சிலர் முறைப்பார்கள். முறைத்துவிட்டும் போடுவார்கள்.

“பூனை தாங்கிக்கொள்ளும்” என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. இதற்கு ஓர் அண்ணன் வாக்கியமும் உண்டு: “வலி இருந்தால்தான் அது அசையாமல் கிடக்கும், தையல் பிரியாது.” நானும் சீனியர்களிடம் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். நேர்மாறாகத்தான் பார்த்திருக்கிறேன். வலியில் இருக்கும் பூனை தையலையே நக்கிக்கொண்டிருக்கும், சாப்பிடாது, தூங்காது. மருந்து போட்ட பூனை சுருண்டு தூங்கிவிடும். தையலைக் காப்பாற்றக் கழுத்தில் மாட்டும் கூம்புக் காலர் இருக்கிறது, அந்த வேலைக்கு வலி எதற்கு?

தாங்கிக்கொள்வதாக நமக்குத் தோன்றுவது ஏனென்றால், பூனை காட்டிக்கொள்ளாது. நாய் முனகும், நம்மிடம் வந்து ஒட்டும். பூனை கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேட்டையாடும் பிராணிதான், ஆனால் தன்னைவிடப் பெரியதற்கு அதுவே இரை. நொண்டுவதைக் காட்டினால் முடிந்தது. வலியிலும் குர்குர் என்று சத்தமிடும் பூனைகளைப் பார்த்திருக்கிறேன், எனவே அந்தச் சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முகத்தைப் பாருங்கள். கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் ஸ்டீகல் என்பவரின் குழு 2019-இல், பூனையின் முகத்தை வைத்து வலியை அளக்கும் முறையை வெளியிட்டது. ஐந்து இடம், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். காது முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் பூஜ்யம். இரண்டு காதும் ஒன்றையொன்று விட்டு விலகி, வெளிப்பக்கம் திரும்பிப் படிந்திருந்தால் இரண்டு. கண் திறந்திருக்கிறதா, சுருக்கி வைத்திருக்கிறதா? மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி உருண்டையாகத் தளர்ந்திருக்கிறதா, இறுகி நீள்வட்டமாகிவிட்டதா? மீசை வளைந்து தொங்குகிறதா, விறைத்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதா? தலை தோளுக்கு மேலே இருக்கிறதா, கீழே தொங்குகிறதா? பத்துக்கு நான்கு வந்தால் வலி மருந்து தேவை என்று பொருள். மருத்துவர் அல்லாதவர்களும் கற்றுக்கொள்ளலாம், இலவசச் செயலிகூட இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின நாளே உங்கள் பூனை சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது நாலைந்து புகைப்படம் எடுத்து வையுங்கள். பெர்சியனுக்கு முகமே கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். தூங்கும்போதும், இன்னும் மயக்கம் தெளியாதபோதும் மதிப்பெண் போடாதீர்கள். விழித்திருக்கும்போது தொந்தரவு செய்யாமல் அரை நிமிடம் பார்த்தால் போதும்.

இனி அந்த ராத்திரி. மருத்துவமனையில் பூனை நிமிர்ந்து படுத்து, தலையைத் தானே தூக்கிப் பிடித்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்வரை கூட்டிவராதீர்கள். வண்டியில் கூடையைத் திறந்து பார்க்கும்படி யாராவது பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் ஃபேன் நேரே படாத, வெளிச்சம் குறைந்த ஓர் அறை. ஓபியாய்டு போட்டிருந்தால் கண்பாவை விரிந்திருக்கும், டியூப்லைட் கூசும். மொசைக் தரையில் விடாமல் நாலாக மடித்த பழைய பருத்திப் புடவையில் படுக்கவையுங்கள். வெந்நீர்ப் பாட்டில் வைப்பதானால் துண்டில் சுற்றி, உடம்பில் ஒட்டாமல் தள்ளி வையுங்கள். மயக்கத்தில் இருக்கும் பூனை சுட்டாலும் நகராது, தோல் வெந்துபோய் வந்த பூனைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

பீரோ மேல், பரண் மேல் ஏற வழி இருந்தால் அடைத்துவிடுங்கள். கெட்டமைன் என்ற மயக்க மருந்து போட்ட பூனை தலையை ஆட்டிக்கொண்டு தள்ளாடும், ஆனால் தனக்கு எதுவும் ஆகவில்லை என்று நினைத்துத் தாவும். அதே மருந்தால் கண் திறந்தே இருக்கும். கண்ணில் களிம்பு போட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். பாலோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள். பாசத்தில் ஊற்றியது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். நேராக நடக்க ஆரம்பித்ததும் வழக்கமான சாப்பாட்டில் இரண்டு ஸ்பூன் வையுங்கள். மணல் பெட்டியில் இரண்டு நாளைக்கு மணலுக்குப் பதில் கிழித்த நியூஸ்பேப்பர் போடுங்கள், காயத்தில் மணல் ஒட்டாது.

ஈறு வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, தையலில் ரத்தம் சொட்டினாலோ, வீட்டுக்கு வந்த பிறகு எழுப்ப எழுப்ப இன்னும் ஆழமாகத் தூக்கத்துக்குள் போனாலோ, ராத்திரி இரண்டு மணியானாலும் போன் செய்யுங்கள். அந்த நேரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு எழுதி வையுங்கள். மறுநாள் காலையில் சாப்பிடவில்லை, முகத்தில் நான்கு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வருகிறது என்றால் அதற்கும் கூப்பிடலாம், வலி மருந்தைக் கூட்டித் தருவார்கள். பெரும்பாலான பூனைகள் மறுநாள் மத்தியானத்துக்குள் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று காலைச் சுற்றும்.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் இரண்டையும் ஒரு நாள் தனித்தனியாக வையுங்கள். மருத்துவமனை வாசனையோடு வருகிறவளை அதற்கு அடையாளம் தெரியாது, கூடவே வளர்ந்ததாக இருந்தாலும் சீறும். வீட்டில் இருக்கும் பூனை படுத்த துணியை எடுத்து இவளுடைய படுக்கையில் விரித்துவிட்டால், இரண்டு நாளில் மறுபடி ஒரே தட்டில் சாப்பிடும்.